வாசலில் தொங்கும் பூதம்

நமது பெரியகுளத்தில் தென்கரையிலாகட்டும், வடகரையிலாகட்டும், அல்லது இங்கிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், கூடலூர் வரையிலாகட்டும், ரோட்டின் இருபுறமும் எழும்பிவரும் புது வீடுகளைப் பார்த்துக்கொண்டு போகின்றவர்களுக்கு ஒரு விஷயம் தப்பாமல் கண்ணில் படும். சுவர் ஆளுயரம் எழும்புவதற்குள் அங்கே ஒரு பூதம் வந்து குடியேறி விடுகிறது. பழைய சட்டைக்குள் வைக்கோலை அடைத்து, தலைக்குச் சட்டியைக் கவிழ்த்து, அதில் கண்ணும் மூக்கும் எழுதி ரோட்டைப் பார்க்கக் கட்டி விடுகிறார்கள். வீடு முடிந்து வர்ணமும் பூசியானவுடன் வைக்கோல் பூதம் போய், பூசணிப் பூதம் வருகிறது. வெள்ளைப் பூசணிக்காயில் உருட்டு விழியும், கோரைப்பல்லும், தொங்கும் நாக்கும், முறுக்கு மீசையும் எழுதி வாசலில் தொங்க விடுகிறார்கள். அதற்குத் துணையாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்த கயிறு; கறுப்புக் கயிற்றில் படிகாரக்கட்டி; நிலைக்கு மேல் தலைகீழாகக் கற்றாழை; ஒரு மூலையில் ஆகாச கருடன் கிழங்கு; கதவில் குதிரை லாடம். உள்ளே நுழைந்தால் எதிரே கண் திருஷ்டி கணபதி. புறத்தே பூதமும் அகத்தே கணபதியுமாக இத்தனை காவலும் போதாதென்று, அமாவாசைக்கு அமாவாசை வாசலில் ஒரு பூசணிக்காய் உடைபடுகிறது.

வீட்டை உள்ளும் புறமும் இப்படிப் பேய்க்கோலம் ஆக்குவது உலகத்தில் நமது நாட்டில் மாத்திரந்தானா என்றால், இல்லை. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31ந் தேதி இரவில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை நடக்கின்றது. அங்கேயும் பூசணிக்காய்தான். நமது பரங்கிக்காயின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பூசணியைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசற்படியில் வைக்கிறார்கள். வாசலில் எலும்புக்கூடு, சுவரில் சிலந்தி வலை, தோட்டத்தில் அட்டைக் கல்லறை, கூரை மேல் துடைப்பம் ஏறிய சூனியக்காரி. சிறு பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள். சில ஆண்டுகளாக இந்தக் கூத்து சென்னை, பெங்களூர் ஓட்டல்களுக்கும், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும்கூட வந்து விட்டது.

இதைக் கண்டவுடன் நமது சனாதனிகளுக்குக் கோபம் பொங்குகிறது. “அந்நிய நாட்டுப் பேய்ப் பண்டிகை நமது புண்ணிய பூமிக்கு எதற்கு?” என்று கூச்சலிடுகிறார்கள். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ஐயா, தங்கள் வீட்டு வாசலில் தொங்குகிறதே, அது என்ன? பரங்கிக்காயில் பல் வெட்டினால் அநாசாரம், வெள்ளைப் பூசணியில் பல் எழுதினால் ஆசாரமா? எலும்புக்கூடு தொங்கினால் அநாகரிகம், படிகாரக்கட்டி தொங்கினால் நாகரிகமா?

ஆனால் இரண்டும் ஒன்றேயென்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகின்றோம்.

ஹாலோவீனின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பழைய அயர்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில், செத்தவர்களின் ஆவிகள் ஊருக்குள் உலாவும் என்று மெய்யாகவே நம்பினார்கள். பின்னர் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் நவம்பர் 1ந் தேதியைச் சகல அர்ச்சியசிஷ்டர்களின் திருநாளாக ஏற்படுத்தினார்கள். அதற்கு முந்திய இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயரின் அர்த்தம். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து கோர முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய போது, அங்கே கிழங்கைவிடப் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் பூசணிக்காய் மலிந்து கிடந்தது. கிழங்கை விட்டுப் பூசணியைப் பிடித்துக்கொண்டார்கள். சாஸ்திரம் ஒன்றும் குறுக்கே வரவில்லை.

அவர்கள் கூரைமேல் ஏற்றி வைக்கும் சூனியக்காரிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது சிரிக்கத் தக்கதன்று. 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 40,000 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல இடங்களில் கிழவிகள், ஏழைகள், நாதியற்றவர்கள். பக்கத்து வீட்டு மாடு செத்தால் அவள் பார்த்த பார்வை. குழந்தை செத்தால் அவள் முணுமுணுத்த வார்த்தை. அமெரிக்காவிலுள்ள சேலம் என்ற ஊரில் 1692இல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்ற இடத்தில் அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணின் தலையை 1782இல் வெட்டினார்கள். அவள் குற்றமற்றவள் என்று அந்த நாட்டார் ஒப்புக்கொள்ள 2008ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இன்றைக்கு அதே சேலத்தில் ஹாலோவீன் கொண்டாட வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வருகிறது. சூனியக்காரி பொம்மை விற்கிறது. எப்படி இது நேர்ந்தது? பயம் செத்தது, அதன் பிறகே சூனியக்காரி பொம்மையானாள். அமெரிக்காவில் இந்தப் பூசணிக்காயை வாசலில் வைத்தவன், அதை வைக்க மறந்தால் தன் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்று நடுங்குவதில்லை. மறுநாள் அதைத் தூக்கிக் குப்பையில் போடும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதுமில்லை.

அதனால் அவர்கள் செய்வதெல்லாம் யோக்கியமான காரியம் என்று நாம் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. 2023இல் மாத்திரம் அமெரிக்கர்கள் இந்த ஓர் இரவுக்காக 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்றும், அதில் வீட்டு அலங்காரத்துக்கு மாத்திரம் 390 கோடி டாலர் என்றும் அந்நாட்டுச் சில்லறை வியாபாரிகள் சங்கத்தாரே கணக்குச் சொன்னார்கள். இது பணக்கொழுப்பேயாகும். ஆனால் கொழுப்பு வேறு, பயம் வேறு. அவன் பயமில்லாததனால் பூதத்தைத் தொங்க விடுகிறான். நாம் பயத்தினால் தொங்க விடுகிறோம். அவன் வீட்டில் பேய் விளையாட்டுச் சாமான். நம் வீட்டில் விளையாட்டுச் சாமான்கூடப் பேய். இதுதான் வித்தியாசம்.

இனி நமது பயம் எதைக் குறித்தது என்று பார்ப்போம். பேய்க்குக்கூட நாம் இவ்வளவு பயப்படுவதில்லை. “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது” என்கிறார்கள். அதாவது மனிதனுடைய கண்ணுக்குப் பயப்படுகிறோம். கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டு வந்து சுவரை விரிசல் விடச் செய்யும், கறவை மாட்டை வற்றச் செய்யும், கர்ப்பத்தைக் கலைக்கும் என்கிறோம். கண்ணிலிருந்து ஒன்றும் புறப்படுவதில்லை. வெளிச்சம்தான் பொருளில் பட்டுக் கண்ணுக்குள் வருகின்றது என்பதை ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன்பே இபின் அல் ஹைதம் என்ற அரபு நாட்டு அறிஞர் நூலெழுதி விளக்கி விட்டார். இன்று பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் இது பாடம். பையன் பாடத்தில் மார்க்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அவன் தாயார் வாசலிலேயே நிறுத்தி, “நிறைய மார்க்கு வாங்கியிருக்கிறான், ஊர்க்கண் பட்டுவிடும்” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறாள். படிப்பு ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்!

அது கிடக்கட்டும். யாருடைய கண்ணுக்குப் பயப்படுகிறோம்? பணக்காரன் கண்ணுக்கா? இல்லை. அவன் வந்து பார்த்தால் பெருமை. புரோகிதர் கண்ணுக்கா? இல்லை. அவர் கண் பட்டால் ஆசீர்வாதம். மந்திரிகளோ கலெக்டரோ வந்து பார்த்தால் போட்டோப் பிடித்து மாட்டுகிறோம். அப்படியானால் இந்தக் கோரைப்பல் யாரை நோக்கிக் காட்டப்படுகிறது? வீடில்லாதவனை நோக்கி. பிள்ளையில்லாத பெண்ணை நோக்கி. புருஷனை இழந்தவளை நோக்கி. பசியோடு அந்தத் தெருவில் நடந்து போகின்றவனை நோக்கி. “உனக்கு இல்லை, ஆகையால் உனக்குப் பொறாமை, உன் பொறாமையில் விஷம் இருக்கிறது” என்று அவர்கள் முகத்துக்கு நேரே போர்டு எழுதி மாட்டுவதற்கும், பூசணிக்காய் கட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? எழுத்துக்குப் பதிலாகப் படம், அவ்வளவே. அந்தத் தெருவில் தினந்தோறும் நடக்கும் விதவைப் பெண்ணொருத்தி இந்தப் படத்தை எவ்வாறு வாசிப்பாள் என்று வீட்டுக்காரர்கள் ஒருநாளாவது யோசித்ததுண்டா?

இன்னும் கேளுங்கள். வீட்டைக் கட்டுகின்றவர் யார்? கொத்தனாரும், சித்தாளும், ஆசாரியும். வெயிலில் செங்கல் சுமந்தவளின் கண் அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கலின் மீதும் பட்டிருக்கிறது. அதனால் எந்தச் சுவர் இடிந்தது? ஆனால் கட்டி முடித்தவுடன் “தச்சு கழிப்பது” என்று ஒரு சடங்கு செய்கிறார்களே, அது என்ன? மரம் அறுத்தவர், கல் உடைத்தவர் கைபட்டதனால் வீட்டில் தங்கிய தோஷத்தைக் கழிப்பதாம்! வேலை செய்தவன் கை தோஷம். ஒரு கல்லையும் தூக்காமல் விடியற்காலையில் வந்து புகை போட்டவர் கை புனிதம். பாடுபட்டவனைத் தீட்டு என்றும், பாடுபடாதவனைப் பரிசுத்தம் என்றும் சொல்லும் இந்த முறையை அந்தப் பாடுபட்டவர்களே பணம் கொடுத்து நடத்தி வைப்பதுதான் வெட்கக்கேடு. ஏனென்றால் கொத்தனாரும் தன் சொந்தக் குடிசையைக் கட்டும்போது இதே பூசணிக்காயைத்தான் தேடுகிறார்.

மேலும் அந்தப் பூதத்தின் முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கறுத்த முகம், பெரிய மீசை, தடித்த உதடு. இது யார் ஜாடை? வயலிலும் ரோட்டிலும் நாள் முழுதும் வெயிலில் காயும் நம்மவர் ஜாடையல்லவா? அரக்கன், அசுரன் என்று கதைகளில் நமக்கு எழுதி வைத்த முகத்தை, நாமே கடையில் விலை கொடுத்து வாங்கி, நமது வாசலிலேயே கட்டுகிறோம். உள்ளே மாட்டியிருக்கும் படங்களெல்லாம் சிவந்த மேனி. வெளியே தொங்குவது நம் மேனி. இதைவிடச் சுயமரியாதைக் கேடு வேறென்ன வேண்டும்?

இப்படிச் சொன்னால், “இவையெல்லாம் நமது முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கண்டறிந்த விஞ்ஞானம்” என்று ஒரு பதில் வருகிறது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் நூலில் கோர்த்தால் அதன் சத்து காற்றில் பரவி நோயைத் தடுக்கிறதாம். வாட்ஸ்அப்பில் வந்ததாம்! நாம் கேட்கிறோம்: மிளகாய் நமது நாட்டுக்கு எப்போது வந்தது? அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் 1492இல் அங்கே போன பிறகு, வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துகீசியப் பரங்கியர் கொண்டு வந்தது. அதுவரை நம் முன்னோர்க்குக் காரம் கொடுத்தது மிளகுதான். மிளகைப் போலக் காரமான காய் என்பதனால்தான் மிளகாய் என்று பெயரிட்டார்கள். அப்படியானால் மிளகாய் வருவதற்கு முன்பு திருஷ்டியை ஓட்டியது எது? திருஷ்டியும் பரங்கியரோடு கப்பலில் வந்திறங்கியதா? அந்நியப் பண்டிகை கூடாது என்கின்றவர்கள் முதலில் இந்த அந்நிய மிளகாயை வாசலிலிருந்து இறக்கட்டும்.

ஆகாச கருடன் கிழங்கு மண்ணும் நீருமின்றி அந்தரத்தில் துளிர்க்கிறது, ஆகையால் அதில் தெய்வ சக்தி இருக்கிறது என்கிறார்கள். கிழங்கு என்பதே செடி தனக்கு வேண்டிய நீரையும் உணவையும் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். மூட்டையில் கிடக்கும் உருளைக்கிழங்கும், கூடையில் கிடக்கும் வெங்காயமும் துளிர்ப்பதில்லையா? அவற்றுக்குச் சூடம் காட்டுகிறோமா? படிகாரமோ நாவிதர் சவரம் செய்த முகத்தில் தடவுவது, கலங்கிய நீரைத் தெளிய வைப்பது. அந்த வேலைகளை அது செவ்வனே செய்கிறது. வாசலில் தொங்கும்போது என்ன வேலை செய்கிறது என்று அதை விற்றவர்தான் சொல்ல வேண்டும்.

“படித்தவர்களும் செய்கிறார்களே” என்று சிலர் கேட்கலாம். படித்தவர்கள் மாத்திரமா? சர்க்காரே செய்கிறது! பிரான்சு தேசத்திலிருந்து 36 போர் விமானங்களுக்கு 2016இல் ஏறக்குறைய 59,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார்கள். 2019 அக்டோபர் 8ந் தேதி முதல் விமானத்தை ஒப்புக்கொள்ள நமது பாதுகாப்பு மந்திரி அங்கே போனார். அதன் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டதை உலகம் முழுதும் பார்த்தது. விமானத்தைச் செய்தவனுக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை, வாங்கினவனுக்குத் தேவைப்பட்டது. எலுமிச்சம்பழத்தால் காக்க முடியுமானால் 59,000 கோடி எதற்கு? 59,000 கோடியால் காக்க முடியுமானால் எலுமிச்சம்பழம் எதற்கு?

“இருக்கட்டும், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்பது கடைசிக் கேள்வி. நஷ்டம் ஒன்றல்ல. ஆயுத பூஜையன்று நடு ரோட்டில் பூசணிக்காயை உடைத்து விட்டுக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டு போய் விடுகிறார். இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகின்றவன் அதில் வழுக்கி விழுகிறான். ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீசாரும் மாநகராட்சியாரும் ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. உடைந்த காய்க்குள் போட்ட காசைப் பொறுக்க ஏழைப் பிள்ளைகள் லாரிகளுக்கிடையே ஓடுகின்றன. தன் வீட்டுத் திருஷ்டியைக் கழிக்கப் பிறத்தியார் காலை முறிப்பது எந்த ஊர் தர்மம்? பத்துப் பேர் கூட்டு வைத்துச் சாப்பிட வேண்டிய காய் அது.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் திருஷ்டி என்று சுற்றிப் போட்டு, இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் கொண்டு போகிறோமே, டெங்குக் காய்ச்சலில் அந்த இரண்டு நாளின் விலை என்ன? மாந்தோப்பில் பிஞ்சு உதிர்ந்தால் கண்ணேறு என்கிறோம். பழத்தில் புழு வைப்பது பக்கத்துத் தோட்டக்காரன் கண்ணல்ல, பழ ஈ. அந்த ஈக்குப் பொறி உண்டு. அதைச் சொல்லித் தரத் தோட்டக்கலைக் கல்லூரி ஒன்று நமது பெரியகுளத்திலேயே இருக்கிறது. திருஷ்டி என்று சொன்ன மாத்திரத்தில் ஈயைத் தேடும் வேலை நின்று விடுகிறது; அயலானைத் தேடும் வேலை தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் இதுதான். “அவள் கண் பொல்லாதது” என்பது பேச்சாகத் தொடங்கி, சேலத்தில் தூக்குக் கயிறாக முடிந்தது. நமது தேசத்தில் அது இன்னும் முடியவில்லை. சூனியக்காரி என்று பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்கப் பீகாரில் 1999இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மாந்திரீகத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகளுக்குத் தேசியக் குற்றப் பதிவேட்டில் ஆண்டுதோறும் தனி வரிசை இருக்கிறது. மராட்டியத்தில் இத்தகைய மூடப் பழக்கங்களுக்கு எதிராகச் சட்டம் கேட்டுப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்டு 20ந் தேதி புனாவில் சுட்டுக் கொன்றார்கள். அவர் செத்த பிறகே அந்த ஆண்டு சட்டம் வந்தது. நமது தெருவில் கொலை நடக்கவில்லை என்று திருப்திப்பட வேண்டாம். பிள்ளையில்லாதவளை வளைகாப்புக்கு அழைக்காமல் விடுவதும், விதவை எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போவதும் அந்த மரத்தின் கிளைகளே. வாசலில் தொங்கும் பூதம் அதன் காய்.

ஆகவே தோழர்களே! வீட்டை அலங்கரிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தாராளமாக அலங்கரியுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்; பெரிய ஜன்னல் வையுங்கள்; அதற்குக் கொசுவலை போடுங்கள். கற்றாழையைத் தலைகீழாகத் தொங்க விடாமல் மண்ணில் நடுங்கள். உள்ளே ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வையுங்கள். படம் மாட்ட வேண்டுமா? நமது கம்பம் பள்ளத்தாக்கிலேயே வழி காட்டியிருக்கிறார்கள். மேற்கே ஓடி வீணான பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895இல் அணையை முடித்த பென்னி குவிக்கின் படத்தை இங்கே எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கலும் வைக்கிறார்கள். அவர் ஒரு மந்திரமும் சொல்லவில்லை. கணக்குப் போட்டார், கல் வைத்தார். அவரோடு அந்தக் காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்ட நூற்றுக்கணக்கான கூலியாட்களின் நினைவும் அந்தப் படத்தோடு இருக்கட்டும். வறண்ட பூமியை நெல் விளையும் பூமியாக்கியது மனிதன் கண்ணும் மனிதன் கையும். அந்தக் கண்ணுக்கா நாம் பயப்படுவது?

புது வீட்டுக்குக் குடி போகும் நாளில் ஒன்று செய்யுங்கள். பூதத்தை அவிழ்த்து எறிந்து விட்டு, கட்டிய கொத்தனாரையும் சித்தாளையும் ஆசாரியையும் முதல் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அக்கம்பக்கத்து விதவைகளையும் பிள்ளையில்லாதவர்களையும் முன்னதாக அழைத்து வீடு முழுதும் சுற்றிக் காட்டுங்கள். எல்லோர் கண்ணும் நன்றாகப் படட்டும். மறுநாள் காலையில் சுவரெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பாருங்கள். அதன் பிறகும் உங்கள் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பூசணிக்காயில் பல் எழுதி வைக்க ஆசைப்பட்டால், எழுதிக் கொடுங்கள். பயமில்லாத வீட்டில் அது வெறும் காய்தானே! விளையாடி முடித்ததும் நறுக்கிக் குழம்பில் போட்டு விடலாம்.